ஐம்பதுக்கு மேல் இன்டர்வியூவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு



கம்பெனி மூடியதால் வெளியே வந்தவர்கள், வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து பார்த்து அலுத்தவர்கள், 58இல் மாலை போட்டு அனுப்பிவைத்த பிறகும் வீட்டுக் கடன் முடியாதவர்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபின் மறுபடியும் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் பெண்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் அம்பத்தூரிலும், பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆள் எடுக்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தே பாதி வாழ்க்கை போயிற்று. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வயது ஒரு பொருட்டே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொருட்டுதான். அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்திலும் வயது இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு, அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிப்பிடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது கிடையாது. தனியார் கம்பெனிக்காரர் '35 வயதுக்குள்' என்று விளம்பரத்திலேயே போடுகிறார், கேட்பார் இல்லை. அதனால் சட்டத்தை நம்பிக் கிளம்ப வழியில்லை.

ஆனால் ஒன்று உண்டு. நீங்கள் எழுந்து வெளியே போய்க் கதவு சாத்திய பிறகு, உள்ளே இரண்டு நிமிடம் ஒரு பேச்சு நடக்கும். அதில் 'இவருக்கு 54 வயசு' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'ஆள் நல்லாத்தான் இருக்கார், செட் ஆவாரா?' என்பார்கள். சின்னப் பையன் சொன்னால் கேட்பாரா, புதுசாக ஏதாவது கற்றுக்கொண்டிருக்கிறாரா, இந்தச் சம்பளத்துக்கு நிற்பாரா, உடம்பு தாங்குமா, இவ்வளவுதான் அந்த 'செட் ஆவாரா'வுக்குள் இருப்பது. நீங்கள் போட்டுப் போகும் சட்டையிலிருந்து கடைசியாகச் சொல்லும் 'தேங்க்ஸ்' வரைக்கும் இந்தச் சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும். பத்து வயது குறைந்தவர் மாதிரி தெரிந்தால் இதில் ஒன்றுகூடத் தீராது.

முதலில் டை. தலைக்கு அடிக்கலாமா வேண்டாமா என்பதில் எனக்கு அபிப்பிராயம் இல்லை. வழக்கமாக அடிக்கிறவர் அடியுங்கள், அடிக்காதவர் இன்டர்வியூவுக்காக ஆரம்பிக்காதீர்கள். முந்தின நாள் ராத்திரி அவசரமாக அடித்துக்கொண்டு, நெற்றியோரத்திலும் காதுக்குப் பின்னாலும் கறுப்புத் தீற்றலோடு வந்து உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மீசை மட்டும் கரியாக இருக்கும், புருவம் வெள்ளையாக இருக்கும். பாதிக் கவனம் அங்கேயே போய்விடும். முதல் தடவை அடிப்பவருக்கு அதிலுள்ள பி.பி.டி. என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்குவதும் உண்டு. 48 மணி நேரம் முன்னதாகத் தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லி அட்டையிலேயே போட்டிருப்பார்கள்; யார் படிக்கிறார்கள்? அளவாக வெட்டி, படிய வாரிய நரைத்த தலையை நாங்கள் யாரும் குறை சொன்னதில்லை.

ஆண்கள் கவனிக்க வேண்டியது சட்டையின் வயதை. பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் 'நல்ல சட்டை' பெரும்பாலும் யாரோ கல்யாணத்துக்கு எடுத்ததாக இருக்கும். காலர் மடிப்பில் நூல் பிரிந்திருக்கிறதா, வயிற்றருகே பொத்தான் இழுத்துக்கொண்டு இடைவெளி தெரிகிறதா என்று உட்கார்ந்த நிலையில் கண்ணாடி முன்னால் பாருங்கள். நின்று பார்த்தால் தெரியாது. முன்பக்கம் இரண்டு மடிப்பு வைத்து, தொப்புளுக்கு மேலே பெல்ட் கட்டும் பேன்ட்டை மாற்றிவிடுங்கள். இன்றைக்கு உங்கள் உடம்புக்குச் சரியாக இருக்கும் சாதாரண பேன்ட் ஒன்று, வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை ஒன்று புதிதாக வாங்கினால் போதும். கோட்டும் டையும் ஹோட்டல், மார்க்கெட்டிங் மாதிரி வேலைகளுக்குத்தான். அக்கவுன்ட்ஸ், ஸ்டோர்ஸ், புரொடக்‌ஷன் வேலைக்குச் சித்திரை வெயிலில் கோட்டு மாட்டி வருகிறவரைப் பார்த்தால் எங்களுக்கே வியர்க்கும். சட்டைப் பையில் மூன்று பேனா, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விபூதி, குங்குமம் இருப்பது உங்கள் விருப்பம். யார் கண்ணையும் அது உறுத்தாது.

வேட்டி கட்டிப் போகலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 2014இல் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டிய உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்து, பெரிய சண்டையாகி, அந்த வருஷமே தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது நினைவிருக்கும். 2019இல் அரசு ஊழியர்களுக்கு வந்த உடை உத்தரவிலும் வேட்டிக்கு இடம் உண்டு. ஆகவே மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கோயில் டிரஸ்ட், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, நெல் மண்டி மாதிரி இடங்களுக்கு வெள்ளை வேட்டி சட்டையே கம்பீரம். மெஷின் ஓடும் இடத்துக்கு வேண்டாம். பாதுகாப்பு ஆபீசர் முதல் பார்வையிலேயே வேண்டாம் என்பார், அது நியாயமும்கூட.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். நாலைந்து வருஷம் பெட்டிக்குள் கிடந்த ஷூவை அன்றைக்குக் காலையில் எடுத்துப் பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்டு வருவார்கள். மேலே பளபளப்பு இருக்கும். அடிப்பகுதி பாலியூரித்தேன் என்றால், நம் ஊர்க் காற்றின் ஈரம் பட்டே உள்ளுக்குள் மக்கியிருக்கும். ஒருமுறை ரிசப்ஷனிலிருந்து என் அறை வரைக்கும் கறுப்புத் துணுக்குகள் வரிசையாகக் கிடந்தன. அந்த மனிதர் உள்ளே வரும்போது வலது காலின் அடி பாதி வாயைப் பிளந்து தொங்கியது. அவர் அதை மறைக்கக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டே பேசினார். கேட்ட கேள்வி பாதி காதில் விழவில்லை. நல்ல ஸ்டோர்ஸ் ஆள், எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்த அரைமணி நேரம் அவர் பட்ட பாடு யாருக்கும் வர வேண்டாம். ஒரு வாரம் முன்னாலேயே ஷூவைப் போட்டுத் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வாருங்கள்.

பெண்களுக்கு: பட்டுப்புடவை வேண்டாம். கஞ்சி போட்ட காட்டன், அல்லது நீங்கள் நாள் முழுக்கக் கட்டிப் பழகிய எந்தப் புடவையும் போதும். கோ-ஆப்டெக்ஸில் எடுத்த காட்டனில் வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்தால் ஆபீஸ் நடத்தத் தெரிந்தவர் என்று எனக்குத் தோன்றும். இது என் சொந்தச் சாய்வு, இருக்கட்டும். சுடிதாரும் தாராளமாகப் போடலாம். ரவிக்கைதான் முக்கியம். பத்து வருஷத்துக்கு முன் தைத்ததைப் பிரித்துத் தளர்த்தி, தையல் தடம் தெரிய வருவதைவிட, அந்த ஒன்றை மட்டும் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் தொங்கி, மாடிப்படி ஏறி, பிறகு ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் குலையாமல் இருக்குமா என்று பார்த்து ஊக்குக் குத்துங்கள். பூ வைக்கும் பழக்கம் இருந்தால் வையுங்கள். கையில் குலுங்கும் வளையல்களை மட்டும் குறைத்துக்கொண்டால் நல்லது. கீபோர்டில் டைப் செய்து காட்டச் சொன்னால் அந்தச் சத்தமே பதற்றத்தைக் கூட்டும்.

படிக்கும் கண்ணாடி! அதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் எண்ணிக்கை சொல்லி மாளாது. உள்ளே போனதும் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள், அல்லது டேப்லெட்டை நீட்டுவார்கள். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் படிக்க முயலும்போது 'கம்ப்யூட்டர் வேலை கஷ்டம்' என்று எதிரில் இருப்பவர் மனதில் எழுதிவிடுவார். உண்மையில் உங்களுக்குக் கம்ப்யூட்டர் நன்றாகவே தெரிந்திருக்கலாம்.

காகிதங்களுக்கு வருகிறேன். நாலு பக்கப் பயோடேட்டா, முதல் வரியில் தகப்பனார் பெயர், அப்புறம் மதம், தேசியம், பத்தாம் வகுப்பு மதிப்பெண், கடைசியில் மேற்கண்டவை உண்மை என்ற உறுதிமொழி, இதெல்லாம் பழைய வழக்கம். இரண்டு பக்கம் போதும். கடைசிப் பன்னிரண்டு, பதினைந்து வருஷ வேலையை விரிவாக எழுதுங்கள். அதற்கு முந்தையதை மூன்று வரியில் முடியுங்கள். 'லோட்டஸ், வேர்ட்ஸ்டார் தெரியும்' என்று இன்னும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த தேதியை மறைக்கச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லுங்கள், கேட்காத இடத்தில் முதல் வரியில் போட வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். நம் தலைமுறையில் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் ஒரு எழுத்தாக முன்னால் இருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் போயிருக்கும். ஆதாரில் வேறு மாதிரி. பிறந்த தேதி பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டதாக இருக்கும். இன்டர்வியூவில் எல்லாம் முடிந்து, ஆஃபர் கொடுக்கும் கட்டத்தில், பி.எஃப். கணக்கு எண்ணை ஆதாரோடு சேர்க்கப் போகும்போது ஒத்துப்போகாமல் நிற்கும். ஆள் வேலைக்கு வந்த பின்னும் மாதக்கணக்கில் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். 2014க்குப் பிறகு பி.எஃப்.க்கு ஒவ்வொருவருக்கும் ஒரே யு.ஏ.என். எண்தான், உங்களுடையது என்ன, அதில் பெயரும் தேதியும் எப்படி இருக்கிறது, பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போட்டிருக்கிறதா என்று வேலை தேட ஆரம்பிக்கும் நாளிலேயே பாருங்கள். இன்னொன்று: 58 முடிந்தால் பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்துக்குப் பணம் பிடிப்பது பொதுவாக நின்றுவிடும், பி.எஃப். கணக்கு மட்டும் தொடரலாம். இதை நீங்களே தெளிவாகச் சொன்னால், வயதான ஆளை எடுத்தால் பேப்பர் வேலை சிக்கல் என்று நினைக்கும் சின்ன கம்பெனி ஹெச்.ஆருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

இனி விஷயம் தெரிந்திருப்பது. எனக்கு நன்றாகத் தெரிந்தது அக்கவுன்ட்ஸ் ஆட்கள்தான், அவர்களை வைத்தே சொல்கிறேன். 'முப்பது வருஷ அனுபவம்' என்று சொன்னால் கேட்கிறவர் கண் மங்கும். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலையில். அதற்கு முந்தைய வாட், சி.எஸ்.டி., எக்சைஸ் அனுபவம் பெரும்பாலும் பழைய வழக்குகள் இருக்கும் கம்பெனிக்குத்தான் உதவும். இ-இன்வாய்ஸ் 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடி விற்றுமுதல் தாண்டினாலே கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய் 5, 18 என்று ஆகிவிட்டன. 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். பிரிவு எண்கள் எல்லாம் மாறின, மதிப்பீட்டு ஆண்டு, முந்தைய ஆண்டு என்ற இரட்டைக் குழப்பம் போய் 'வரி ஆண்டு' வந்தது.

இதில் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, கவனித்தீர்களா? சட்டம் புதிது என்றால் 26 வயதுப் பையனுக்கும் அது புதிதுதான். அவன் கல்லூரியில் படித்த பிரிவு எண்ணும் பழசாகிவிட்டது. உங்களோடு அவனும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இருப்பு ஒத்துவராதபோது எந்த லெட்ஜரைத் திறக்க வேண்டும், எந்த சப்ளையர் ஒரே பில்லை இரண்டு தடவை அனுப்புவார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனவே கிளம்புவதற்கு முன் மூன்று வாரம் உட்கார்ந்து புதியதைப் படியுங்கள். டேலி பிரைமில் ஒரு கற்பனைக் கம்பெனி திறந்து பில் போட்டு, ரிட்டர்ன் வரைக்கும் செய்து பாருங்கள். 'கடைசியாக என்ன கற்றுக்கொண்டீர்கள்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். போன மாதம் கற்ற ஒன்றைச் சொல்ல முடிந்தால், வயதைப் பற்றிய கேள்வி பாதியில் நின்றுவிடும். சி.என்.சி. மெஷின் பார்த்தவர், மருத்துவமனை பில்லிங் பார்த்தவர், டீச்சர், எல்லோருக்கும் அவரவர் துறையில் இதுபோல் சமீபத்தில் மாறிய ஒன்று இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

பேச்சில் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். எதிரில் உட்கார்ந்திருப்பது முப்பது வயதுப் பெண்ணாக இருக்கலாம். 'உன் வயசுல எனக்கு ஒரு பொண்ணு இருக்கும்மா' என்பது பாசத்தில் வரும் வாக்கியம். நீங்கள் எழுந்து போனதும் உள்ளே முதலில் பேசப்படுவது அதுதான். தம்பி, பாப்பா, கண்ணு எதுவும் வேண்டாம். 'மேடம்', 'சார்', அல்லது அவர் சொல்லச் சொன்ன பெயர். அவர் உங்களை 'அங்கிள்' என்றால்கூடச் சிரித்துவிட்டு 'மேடம்' என்றே பதில் சொல்லுங்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு: கையைக் கட்டிக்கொண்டு, 'பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கா, உங்களைத்தான் நம்பியிருக்கேன்' என்பது. மனசு கரையும், ஆனால் கரைந்த மனசு வேலைக்கு ஆள் எடுக்காது. போகும்போது நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்பிவிடும். 'நாங்க பார்க்காததா' என்பதும், பழைய கம்பெனியைத் திட்டுவதும் வேண்டாம். அது எதற்காக மூடியது என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசி நாள் வரை என்ன வேலையை முடித்துக் கொடுத்தீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள்.

'உங்க மேனேஜர் உங்களைவிட ரொம்பச் சின்னவரா இருப்பார், பரவாயில்லையா?' என்று கேட்பார்கள். 'பரவாயில்லை' என்பது பதில் ஆகாது; எல்லோரும் சொல்வது. உங்களைவிடச் சின்னவர் சொல்லி நீங்கள் மாற்றிக்கொண்ட ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். யார் சொன்னார், என்ன சொன்னார், எதை மாற்றினீர்கள் என்று மூன்று வாக்கியத்தில். சம்பளத்துக்கும் அப்படித்தான். 'பார்த்துப் போட்டுக் கொடுங்க' என்றால் முன்னாடி வாங்கியதை எதிர்பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். முன்பு இவ்வளவு வாங்கினேன், இந்த வேலைக்கு இவ்வளவு சரி என்று தெரியும், அதற்குச் சம்மதித்துத்தான் வந்தேன் என்று தொகையையே சொல்லுங்கள். எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்று கேட்டால் கூச்சப்பட வேண்டாம். பல கம்பெனிகளில் ஓய்வு வயது 58. 54இல் சேர்கிறவருக்கு நாலு வருஷம் இருக்கிறது. அதே நாற்காலியில் சின்னப் பையன்கள் எத்தனை பேர் இரண்டு வருஷம் தாண்டினார்கள் என்பது அவர்கள் ரிஜிஸ்டரிலேயே இருக்கும். நீங்கள் அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம், 'நாலு வருஷம் முழுசா இருப்பேன்' என்றால் போதும்.

காத்திருப்பதற்கும் தயாராகப் போங்கள். பத்து மணிக்கு வரச் சொல்லி இரண்டு மணிக்குக் கூப்பிடுவது சாதாரணம். ஒருமுறை உள்ளே வந்து உட்கார்ந்தவருக்குக் கை நடுங்கிப் பேனா பிடிக்க முடியவில்லை, ஏ.சி.யிலும் வியர்த்துக் கொட்டியது. பக்கத்திலிருந்த மேனேஜர் என் காதில் 'பயந்த சுபாவம்' என்றார். எனக்குச் சந்தேகம். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, பதற்றத்தில் டிபன் இறங்காமல் கிளம்பியிருக்கிறார். சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டோம். வேறு ஆள் மாதிரி பேசினார். எல்லா இடத்திலும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பையில் பிஸ்கட், தண்ணீர், மதிய மாத்திரை, இரண்டு கைக்குட்டை இருக்கட்டும். அரைமணி முன்னதாகப் போய் முகம் கழுவி, மூச்சு வாங்குவது நின்ற பிறகு ரிசப்ஷனில் பெயர் கொடுங்கள்.

வீடியோவில் கூப்பிட்டால் ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. முகம் கறுப்பாகத் தெரியும். போனைக் கையில் பிடிக்காமல் கண் உயரத்துக்குப் புத்தகம் அடுக்கிச் சாய்த்து வையுங்கள். மகளுடைய கணக்கில் உள்ளே வந்து, திரையில் 'குட்டி ஏஞ்சல்' என்ற பெயரோடு ஒரு ஐம்பத்தாறு வயது ஃபோர்மன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் ஒரு ஈமெயில் இருக்கட்டும், அதன் பாஸ்வேர்டு உங்களுக்கே தெரியட்டும்.

எங்கே போவது? பெரிய கம்பெனியின் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பது உங்கள் வயதில் வீண் என்றே நினைக்கிறேன். இருபதிலிருந்து நூறு பேர் வரை வேலை செய்யும் கம்பெனிகள்தான் உங்களை எடுக்கும். அங்கே முதலாளியே முடிவு செய்வார். ஊருக்குப் போனால் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்பது அவர் கவலை. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகள், ஆடிட்டர் ஆபீஸ்கள், பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், பெரிய அபார்ட்மென்ட் சங்கங்கள், இங்கெல்லாம் நேரில் போய்ப் பேசலாம். செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 65 வயது ஆகும் முன்பு வரை இடமுண்டு. அங்கே இன்டர்வியூ என்பது பெரும்பாலும் நீங்கள் நிமிர்ந்து நிற்பதை ஒரு சூப்பர்வைசர் பார்ப்பதுதான். ரிஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், டிரெயினிங் என்று வேலைக்கு முன்னாலேயே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்டர்வியூ முடிந்த அன்று சாயங்காலம் இரண்டு வரியில் நன்றி மெசேஜ் அனுப்புங்கள். பூங்கொத்துப் படமோ 'குட் மார்னிங்' ஃபார்வர்டோ அந்த எண்ணுக்குப் போகவே கூடாது. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை போன் பண்ணிக் கேட்கலாம். அப்புறம், உங்களைப் பற்றி விசாரிக்க நீங்கள் எழுதிக் கொடுத்த இரண்டு பெயர்கள். பழைய மேனேஜர் பெயரையும் நம்பரையும் டைரியைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். அவர் ரிட்டயர் ஆகிப் பிள்ளையோடு பெங்களூருக்குப் போயிருக்கலாம், நம்பர் வேறு யாரிடமோ இருக்கலாம், மனிதர் காலமாகியும் இருக்கலாம். இந்த மூன்றையும் அந்தப் பக்கத்திலிருந்து போன் போட்ட நான் கேட்டிருக்கிறேன். எழுதிக் கொடுக்கும் முன் அவர்களைக் கூப்பிட்டு, எந்தக் கம்பெனி, என்ன வேலை, யார் பேசுவார்கள் என்று சொல்லிவையுங்கள். அவர்களிடமே வேலை ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற பெர்சனல் ஆபீசர் ஒருத்தி
அம்பத்தூர்